ஸ்கூபா கற்றவர் திருநெல்வேலிக் கடலுக்கு என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்து, 18 மீட்டர் ஆழம் வரை இறங்கும் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். வெளிநாடுகளில் தன்னார்வ டைவர்கள் பவளப்பாறைகளைக் கணக்கெடுத்து, பாதுகாப்புக்கு உதவுகிறார்கள் என்று படித்தேன். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கடலில் நானும் நண்பர்களும் அப்படி ஏதாவது செய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?"

முடியும் தம்பி. ஆனால் முதலில் கரை, அடுத்து மீன் ஏலம் விடும் இடம், அதற்கு அப்புறம்தான் தண்ணீருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசை ஏன் என்று சொல்லத்தான் பதில் கொஞ்சம் நீள்கிறது.

முதலில் நம் கடலைப் பற்றி. இன்றைய மாவட்ட எல்லைப்படி உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று சுமார் ஐம்பது கிலோமீட்டரில் திருநெல்வேலிக் கடற்கரை முடிந்துவிடும். இது திறந்த கடல். அலை வலுவாக அடிக்கும், மணல் கலங்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் அனுபவப்பட்டவர்களே இறங்க யோசிப்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் பாதுகாப்புத் தடையும் இருக்கிறது. வடக்கே மணப்பாடு, ஆலந்தலை, திருச்செந்தூர், காயல்பட்டினம், புன்னைக்காயல் என்று தூத்துக்குடி வரை போனால் கடலின் குணமே வேறு. 1986 வரை அதுவும் நம் மாவட்டம்தான். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு, காசுவார், காரைச்சல்லி ஆகிய தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் பரப்புகளும் இருக்கின்றன. விலங்குசல்லி என்ற தீவு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது. பல காலம் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்ததற்கு அதில் பெரிய பங்குண்டு. அலையைத் தடுக்கும் பாறை போனால், பின்னால் இருக்கும் மணல் தீவு நிற்காது. வான் தீவும் அப்படித்தான் கரைந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்றத்தான் கடலுக்குள் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கினார்கள்.

நீங்கள் கணக்கெடுக்க ஆசைப்படுவது இந்தத் தீவுப் பகுதியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இங்கே இறங்குவது குற்றம். பவளங்களும் கடல் அட்டைகளும் கடல் குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செத்த பவளத்தில் ஒரு துண்டைக்கூட நினைவுக்காக எடுத்து வரக் கூடாது. ஆகவே உங்களுக்கு நேரான வழி, ஏற்கெனவே அனுமதியோடு வேலை செய்பவர்களிடம் போய் உதவிக்கு நிற்பது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இந்தப் பாறைகளை இருபது வருடங்களுக்கும் மேலாகப் பார்த்து வருபவர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் அதே ஊரில்தான். "டைவிங் தெரியும், படம் எடுப்பேன்" என்று போய் நிற்பதைவிட, "கணக்கெடுக்கும் முறையைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன், தண்ணீருக்குள் சிலேட்டில் எழுதத் தயார்" என்று சொன்னால் கூடுதலாகக் காது கொடுப்பார்கள்.

அந்த முறை என்ன? 1996-ல் தொடங்கிய 'ரீஃப் செக்' என்ற அமைப்பின் முறை தன்னார்வலர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. 1997-ல் முதல் உலகளாவிய கணக்கெடுப்பை நடத்தினார்கள். பாறையின் மேல், ஒரே ஆழத்தில், 100 மீட்டர் அளவு நாடாவை விரிக்கிறார்கள். அதில் 20 மீட்டர் கொண்ட நான்கு துண்டுகள், இடையில் 5 மீட்டர் விட்டுவிட்டு. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நாடாவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்: உயிருள்ள பவளமா, அண்மையில் செத்ததா, மணலா, பாசியா, கடற்பஞ்சா. ஒரு நாடாவுக்கு 160 புள்ளிகள். பிறகு அதே நாடாவை நடுவில் வைத்து ஐந்து மீட்டர் அகலத்துக்குள் மீன்களையும் மற்ற உயிர்களையும் எண்ண வேண்டும். எல்லா மீனையும் எண்ணத் தேவையில்லை. களவா, கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், சிங்கி இறால், கடல் அட்டை, கடல் முள்ளெலி என்று அடையாளம் காணச் சுலபமான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். காரணமில்லாமல் தேர்ந்தெடுத்தவை இல்லை இவை. பெரிய களவாவும் சிங்கியும் காணாமல் போனால் பிடிப்பு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பாசியைக் கொறிக்கும் கிளிமீன் குறைந்தால், செத்த பவளத்தின் மேல் பாசி மூடி, புதுக் குஞ்சுப் பவளம் ஒட்ட இடமில்லாமல் போகும்.

பவளம் வெளுப்பதைப் பார்க்க இன்னும் எளிய கருவி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய 'கோரல் வாட்ச்' திட்டத்தின் வண்ண அட்டை அது. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை ஆறு படிகள். பவளத்தின் பக்கத்தில் அட்டையைப் பிடித்து, நிறம் எந்தப் படியோடு பொருந்துகிறது என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் கொடுப்பது அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை இழந்து வெளுக்கிறது. நிறம் இரண்டு படி இறங்கினாலே பாசி கணிசமாகக் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். மன்னார் வளைகுடாவில் சித்திரை தொடங்கி ஆனி வரை, தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது இந்த ஆபத்து வருகிறது. 2010-லும் 2016-லும் பெரிய அளவில் வெளுத்து, நிறையச் செத்தது.

2016-ல் எவ்வளவு செத்தது என்று எப்படிச் சொல்ல முடிந்தது? அதே இடங்களை அதற்கு முன்பே, அதே முறையில் அளந்து எழுதி வைத்திருந்தார்கள். வெளுத்த பிறகு போய் ஆயிரம் படம் எடுத்தாலும், முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால் இழப்பின் அளவைச் சொல்லவே முடியாது. தன்னார்வ டைவர் கடலுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான் என்பது என் உறுதியான கருத்து: ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே முறையில், வருடா வருடம் எண்ணி எழுதுவது. பத்து இடங்களை ஒரு தடவை பார்ப்பதைவிட ஓர் இடத்தைப் பத்து வருடம் பார்ப்பது மேல். ஆஸ்திரேலியாவில் 'ரீஃப் லைஃப் சர்வே' என்ற திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அப்படித்தான் எண்ணினார்கள். 2023-ல் 'நேச்சர்' இதழில், அந்தக் கண்டத்தைச் சுற்றியுள்ள 1,057 வகைக் கடலுயிர்களின் ஏற்ற இறக்கத்தைச் சொன்ன ஆய்வு வந்தது. அதன் தரவில் இந்தத் தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது. வேலை நாட்களில் வேறு தொழில் பார்ப்பவர்கள் விடுமுறையில் மூழ்கி எழுதிய எண்கள் அவை.

இதற்கு வேண்டிய திறமை ஆழமாகப் போவதில் இல்லை. தண்ணீரில் மிதப்பைச் சரியாகப் பிடித்து, பாறையைத் தொடாமல், மணலைக் கிளப்பாமல், ஒரு கையில் சிலேட்டோடு அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும். புதிதாகக் கற்றவர்கள் காலில் மாட்டும் துடுப்பால் உடைக்கும் பவளம் கொஞ்சநஞ்சமில்லை. நீச்சல் குளத்தில் போய் இதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்த மாதிரி எண்ணிப் பார்ப்பது வெளிநாட்டிலிருந்து நமக்கு வந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். கொற்கை காலத்திலிருந்து முத்துக்குளித்த கரை இது. கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை இங்கே 'பார்' என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் தூத்துக்குடிப் பக்கத்தில் பெயர் பெற்ற முத்துப்பார். முத்துக்குளிப்பு நடக்கப்போகிறது என்றால், அதற்கு முன்பே குளியாளிகளை இறக்கிப் பாரைச் சோதிப்பார்கள். சிப்பி எவ்வளவு அடர்த்தி, என்ன வயது என்று பார்ப்பார்கள். கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, திறந்து, முத்தின் மதிப்பைக் கணக்குப் போடுவார்கள். கணக்கு தேறவில்லை என்றால் அந்த வருடம் குளிப்பு கிடையாது. பல வருடங்கள் தொடர்ந்து குளிப்பே நடக்காமல் போன காலங்கள் உண்டு. கடைசியாக 1961-ல் முடிந்தது. சங்குக் குளிப்பிலும் அளவு வளையம் வைத்திருந்தார்கள். வளையத்துக்குள் நுழைந்து விழும் சின்னச் சங்கைத் திரும்பக் கடலிலேயே விட வேண்டும் என்பது விதி. எண்ணிய பிறகு எடுப்பது, சிறியதை விடுவது என்ற இரண்டும் இந்தக் கரையில் ஏட்டிலும் இருந்தது, கையிலும் இருந்தது.

அந்தக் குளியாளிகளின் பிள்ளைகளும் பேரன்களும் இன்றும் சங்கெடுக்கப் போகிறார்கள். சிலர் படகிலிருந்து கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியாக வாங்கிக்கொண்டு மூழ்குகிறார்கள். நீங்கள் பயிற்சியில் படித்திருப்பீர்களே, அழுத்தம் குறையும்போது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டுவதைப் பற்றி. அந்தப் பாடத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. மூட்டு வலியோடு, கால் விளங்காமல் போனவர்களோடு, உயிர் போனவர்களோடு அந்தத் தொழில் நடக்கிறது. நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய உருப்படியான விஷயம் ஒன்று உண்டென்றால் இந்தப் பாடம்தான்: எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் மேலே வர வேண்டும், வலி வந்தால் எந்த மாதிரி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது. பதிலுக்கு அவர்கள் தருவது விலை மதிக்க முடியாதது. எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் கூடும், எந்தப் பக்கம் புல் அழிந்து வெறும் மணலாயிற்று, எந்த வருடத்திலிருந்து பவளக் கல் வெளுத்தது என்றெல்லாம் அவர்களிடம் கேட்கலாம். திருச்செந்தூர் கோபுரத்தையும் மணப்பாட்டு மணற்குன்றின் மேல் உள்ள கோயிலையும் கரையின் வேறு அடையாளங்களையும் கோடு பிடித்து, நடுக்கடலில் ஒரு பாரின் மேல் போய் நிற்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அடையாளங்களை அவர்கள் சம்மதத்தோடு எழுதி வைத்தால், அதுவே ஒரு பெரிய ஆவணம்.

சம்மதம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரையில் நோட்டும் கேமராவுமாக வருபவரைப் பார்த்தால் மீனவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "நாங்க சொல்றத எழுதிட்டுப் போவீய, நாளைக்கு அந்த எடத்துல மீன் பிடிக்கக் கூடாதுன்னு தடை வரும், அப்படித்தான அண்ணாச்சி?" என்று நேராகவே கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. தேசியப் பூங்கா வந்தபோது தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தீவுகளுக்குப் போக முடியாமல் ஆனவர்கள் அவர்கள். ஆகவே எழுதியதை முதலில் அந்த ஊரிலேயே, ஊர்க் கமிட்டியின் முன்னால், தமிழில் படித்துக் காட்டுங்கள். ஒரு பிரதியை அங்கேயே கொடுங்கள். "இந்த இடத்தின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் சொல்லாதீர்கள். சின்னக் கண்ணி வலை, பாரைத் தேய்த்துக்கொண்டு போகும் இழுவை மடி, தொழிற்சாலைக் கழிவு என்று அவர்களுக்கும் கடலைப் பற்றிப் பெரிய புகார்கள் உண்டு. உங்கள் எண்கள் அந்தப் புகாருக்கு வலுச் சேர்த்தால், அடுத்த முறை படகில் இடம் அவர்களே தருவார்கள்.

எழுதி வைப்பதன் மதிப்புக்கு மணப்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016 ஜனவரியில் ஆலந்தலை, மணப்பாடு கரைப் பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. மீனவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்து விட்டார்கள். விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தோடு ஒட்டி வாழும் இனம் அது. கரையில் கிடக்கும் துணையை விட்டுப் போவதில்லை. நாற்பதுக்கும் மேல் இறந்தன. கடலில் உயிரோடு சேர்ந்தவை அந்த மீனவர்களின் உழைப்பால் பிழைத்தவை. செய்தி வந்ததும் இதுவரை கேள்விப்படாத அதிசயம் என்று பலரும் பேசினார்கள். ஆனால் 1973 ஜனவரியிலும் இதே கரையில் இதே இனம் கூட்டமாக ஏறியது, 147 திமிங்கலங்கள். அப்போது இருந்த ஆய்வாளர்கள் எண்ணிப் பதிந்து வைத்ததால் இன்று நமக்கு அது தெரிகிறது. அதே மாதம், அதே கரை என்பதே அடுத்து ஆராய்பவருக்கு ஒரு பெரிய பிடி.

அப்படி ஏதாவது ஒதுங்குவதைப் பார்த்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். தலைக்கு மேல் உள்ள மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ போகாமல் பாருங்கள். ஈரத்துணி போட்டு, நிழல் கொடுத்து, கூட்டத்தை விலக்கிவிட்டு, வனத்துறைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள்.

கரை வேலை என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை நம் மணற்கரைகளில் முட்டையிட ஏறும். சென்னையில் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இரவு இரவாகக் கரையில் நடந்து கூடுகளைக் காத்து வருகிறது. டைவிங்கே தேவையில்லாத வேலை. நம் கரையிலும் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. உங்கள் நண்பர்கள் அவர்களோடு சேர்ந்து நடக்கலாம். தானாகத் தோண்டி எடுக்க மட்டும் போகாதீர்கள். முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் கரு கெடும். மும்பையில் 2017 முதல், நீர் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளில் நடந்து உயிர்களைப் படமெடுத்துப் பதியும் ஒரு குடிமக்கள் முயற்சி நடக்கிறது. இடிந்தகரை, கூட்டப்புளிப் பக்கத்துப் பாறைகள் அதற்கு நன்றாகப் பொருந்தும். 'ஐ-நேச்சுரலிஸ்ட்' செயலியில் போட்டால் அடையாளம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரையில் ஒதுங்கியது. அந்த மாதிரி நேரத்தில் ஒரு சதுர மீட்டர் மணலுக்கு எத்தனை குருணை என்று கரையெங்கும் ஒரே மாதிரி எண்ணும் ஆட்கள் இருந்தால், எந்த ஊருக்கு எவ்வளவு வந்தது என்று எண்ணோடு நிவாரணம் கேட்க முடியும்.

மீன் ஏலம் விடும் இடத்துக்கு மாதம் இரண்டு காலையாவது போங்கள். சிங்கி இறாலை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை என்று 2003-ல் மத்திய அரசு வரையறுத்திருக்கிறது: சாதாரணப் பாறைச் சிங்கி 200 கிராம், மணிச் சிங்கி 500 கிராம். அதற்குக் கீழே வருவது எவ்வளவு, வயிற்றில் முட்டையோடு வருவது எவ்வளவு என்று தொடர்ந்து குறித்தாலே, பாரில் என்ன நடக்கிறது என்று இறங்காமலே பாதி தெரிந்துவிடும். வியாபாரிக்கும் மீனவருக்கும் நீங்கள் யாரென்று தெரிந்த பிறகு எடை போடுங்கள்.

பாறையில் மாட்டிக்கிடக்கும் அறுந்த வலையை எடுப்பது பற்றியும் கேட்பீர்கள், படங்களில் அதுதான் அதிகம் வருகிறது. நல்ல வேலைதான். ஆனால் புது டைவருக்கு அது ஆபத்தான வேலை. வலை சிலிண்டரில் சுற்றிக்கொண்டால் பதற்றத்தில் ஆள் போய்விடும். பல காலம் கிடந்த வலையின் மேல் பவளமே வளர்ந்திருக்கும், இழுத்தால் அதுவும் பிய்ந்து வரும். தகுந்த பயிற்சி, கத்தி, கூட்டாளி, மேலே படகில் ஆள், வனத்துறை அனுமதி எல்லாம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். அதுவரை எந்த இடத்தில், எந்த ஆழத்தில், என்ன வலை என்று குறித்துச் சொல்வதே போதுமான உதவி.

எப்போது தொடங்குவது? வாடை அடங்கி, கச்சான் எழும்புவதற்கு முந்தைய மாசி, பங்குனி மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். தீவுப் பகுதியில் அனுமதியோடு இறங்க வாய்ப்புக் கிடைத்தால், சூடு ஏறுவதற்கு முன் அப்போது ஒரு கணக்கு, கடல் இடம் கொடுத்தால் ஆனிக்கு அப்புறம் அதே நாடாவில் இன்னொரு கணக்கு. நோட்டில் தேதி, நேரம், காற்று, நீரோட்டம், தண்ணீரின் சூடு, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தது, எண்ணியவர் யார் என்பதெல்லாம் இருக்கட்டும். ஒரு களவாகூட இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக இருந்தால், பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. வனத்துறை அனுமதிக்கு நாள் பிடிக்கும். மாசியில் இறங்க வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே, சேரப்போகும் நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அது வரும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் உவரிக்கோ மணப்பாட்டுக்கோ பஸ் ஏறுங்கள்.